ஜன்னலில் வைத்த இட்லி மாவு

இரண்டு வருடங்களுக்கு முந்தைய டிசம்பர் மாதம். ஜெர்மனியில் டான்யூப் நதிக்கரையில் ரீகன்ஸ்பர்க் என்று ஒரு பழைய ஊர் இருக்கிறது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு மூன்று நாள் அங்கே குடும்பத்தோடு தங்கப் போயிருந்தோம். அங்கே நடந்ததை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. என் கணவருக்குக்கூடப் பாதிதான் தெரியும்.

நாங்கள் மதுரைக்காரர்கள். அப்பா இல்லை. நானும் தங்கையும் இரண்டே பேர். அவள் என்னைவிட ஐந்து வயது இளையவள். நான் டார்ம்ஸ்டாட்டில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். ஜெர்மனிக்கு வந்து அப்போதே ஒன்பது வருடம் ஆகியிருந்தது. தங்கை கல்யாணமாகி அதற்கு ஐந்து வருடத்துக்கு முன்புதான் மியூனிக்குக்கு வந்தாள். அவளுடைய விசா பாரத்தை நிரப்பிக் கொடுத்தது நான். குளிருக்கு எந்த ஜாக்கெட், எந்த ஷூ என்று சொல்லிக் கொடுத்ததும் நான்.

வந்தவள் சும்மா இருந்தாளா? மழலையர் பள்ளி ஆசிரியைக்கான பயிற்சியில் சேர்ந்து, இரண்டே வருடத்தில் ஜெர்மன் மொழியைத் தண்ணீர் பட்ட பாடாகப் பேச ஆரம்பித்துவிட்டாள். நான் ஆபீஸில் இங்கிலீஷை வைத்தே காலம் தள்ளியவள். இன்றைக்கும் ரொட்டிக் கடையில் விரலால் காட்டித்தான் வாங்குகிறேன். இருவரும் சேர்ந்து எங்காவது போனால், என் பத்து வயது மகள்கூட ‘சித்தி, நீங்க கேளுங்க’ என்று அவளிடம்தான் போய் நிற்பாள்.

சுற்றி வளைப்பானேன். எனக்கு என் தங்கைமேல் பொறாமை. இது ஜெர்மனிக்கு வந்து பிடித்த வியாதியும் இல்லை. சின்ன வயதில் வீட்டில் கண்ணாடி டம்ளர் உடைந்தால், உடைத்தது யாராக இருந்தாலும், ‘பெரியவ நீ பாத்துக்க மாட்டியா?’ என்று திட்டு எனக்குத்தான் விழும். பள்ளிக்கூடத்திலிருந்து தாமதமாக வந்தால் எனக்குத் திட்டு, அவளுக்குப் பால். அம்மா அவளை ஒரே ஒரு தடவையாவது வாய்விட்டுத் திட்டிக் கேட்க மாட்டோமா என்று நான் ஏங்கியிருக்கிறேன். சிரிக்காதீர்கள், நிஜமாகவே ஏங்கியிருக்கிறேன்.

அந்த வருடம் ஏப்ரலில் அம்மாவுக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்தது. புண் முற்றிப்போய், வயிற்றில் ஒரு பகுதியையே எடுத்துவிட்டார்கள். குழைந்த சோறு, இட்லி, இடியாப்பம் மாதிரி மெத்தென்று இருப்பதை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நவம்பரில் உடம்பு தேறியதும் எங்களிடம் கிளம்பி வந்தார். முதலில் தங்கை வீடு, ஜனவரியில் என் வீடு என்று ஏற்பாடு. தங்கை பிள்ளையைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்தாள், நான் வேலைக்குப் போகிறவள். நியாயமான ஏற்பாடுதான். ஆனால் வயிறு எரிவதற்கு நியாயம் எதற்கு?

தினமும் போட்டோ வரும். அம்மா பனியில் நிற்கிற போட்டோ, பேத்தியை மடியில் வைத்திருக்கிற போட்டோ, தங்கை சுட்ட இட்லியைப் பிட்டுக் காட்டுகிற போட்டோ. எல்லாவற்றிலும் அம்மா தலையில் தங்கை வாங்கிக் கொடுத்த சிவப்புக் கம்பளிக் குல்லா. நான் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்து அனுப்பிய ஸ்வெட்டர் ஒரு போட்டோவிலும் இல்லை. ‘சின்னவ கை இட்லி பூ மாதிரி இருக்குடி’ என்று போனில் சொல்வார். நானும் ‘அப்படியாம்மா’ என்பேன்.

அதனால்தான் ரீகன்ஸ்பர்க் பயணத்தை நான் கையில் எடுத்தேன். இரண்டு குடும்பமும் அம்மாவும் சேர்ந்து ஒரு பழைய ஊரில் கிறிஸ்துமஸைக் கழிக்கலாம், வீடு பிடிப்பது, சமையல் சாமான் வாங்குவது எல்லாம் என் பொறுப்பு, நீங்கள் கையை வீசிக்கொண்டு வந்தால் போதும் என்று சொல்லிவிட்டேன். மூன்று நாளும் அம்மா என் கையால் சாப்பிட வேண்டும். வேளாவேளைக்கு என்ன சமைப்பது என்று போனில் பட்டியல்கூடப் போட்டு வைத்திருந்தேன். சாமானையெல்லாம் அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம் என்று திட்டம்.

டிசம்பர் 24ஆம் தேதி காலையில் கிளம்பினோம். வழியில் ரயில் தாமதமாகி, அடுத்த ரயிலைத் தவறவிட்டு, நடுவில் ஒரு ஸ்டேஷனில் குளிரில் நின்றுகொண்டிருந்தோம். பகல் ஒரு மணிக்குத் தங்கை போன் செய்தாள். அவர்கள் அம்மாவோடு ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

“அக்கா, இன்னைக்குக் கடையெல்லாம் ரெண்டு மணிக்கே மூடிருவாங்க. நான் போய் அரிசி பருப்பு வாங்கிட்டு வந்துரவா?” என்று கேட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. ஒன்பது வருடம் இருந்தவளுக்கு ஐந்து வருடம் இருந்தவள் பாடம் எடுக்கிறாளாக்கும் என்று நினைத்தேன். 25, 26 இரண்டு நாளும் விடுமுறை என்பது எனக்குத் தெரியாதா? 24ஆம் தேதி வேலை நாள்தானே? “ஒண்ணும் வேணாம். நான் வர்ற வழியில வாங்கிக்கிறேன்” என்று வெட்டிவிட்டேன்.

அந்த ஒன்பது வருடத்தில் ஒரு கிறிஸ்துமஸுக்குக்கூட நான் ஜெர்மனியில் இருந்ததில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை. ஒவ்வொரு டிசம்பரும் லீவைச் சேர்த்து வைத்துக்கொண்டு மதுரைக்கு ஓடிவிடுவேன். இங்கே இருக்கிற நம் ஊர்க்காரர்களில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான்.

மூன்றரை மணிக்குப் போய் இறங்கினோம். ஸ்டேஷனிலிருந்து வீடு வரைக்கும் ஒரு கடை திறந்திருக்கவில்லை. என் கணவர் பெட்டியை இழுத்துக்கொண்டு ஒவ்வொரு கடைக் கதவையும் தள்ளிப் பார்த்துக்கொண்டே வந்தார். கிறிஸ்துமஸ் சந்தைகூட முந்தைய நாளோடு முடிந்து, ஆட்கள் மரத்தால் ஆன தற்காலிகக் கடைகளைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வெறும் கையோடு வீட்டுக்குள் நுழைந்தபோது என் முகத்தில் ஈ ஆடவில்லை.

‘நான்தான் சொன்னேனே’ என்று தங்கை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூடச் சண்டை போட்டு ஆறியிருப்பேன். அவள் தன் முதுகுப்பையைத் திறந்து, துண்டில் சுற்றிய ஒரு பெரிய எவர்சில்வர் தூக்குச்சட்டியை எடுத்தாள். அன்று காலையில் மியூனிக்கில் ஆட்டிய இட்லி மாவு. இட்லித் தட்டையும் மறக்காமல் கொண்டு வந்திருந்தாள்.

“ஹீட்டர் பக்கத்துல வச்சா காலையில பொங்கிரும்மா. உனக்கு நாளைக்கு முழுக்க இட்லி இருக்கு. நாங்க எதையாவது வாங்கித் தின்னுக்கிறோம்” என்றாள்.

அம்மா முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்தேன். “எம்புட்டு யோசனை பாரு இவளுக்கு” என்று என் கணவரைப் பார்த்துச் சொன்னார். என் கணவரும் அசடு மாதிரி தலையை ஆட்டினார். தங்கையின் வீட்டுக்காரர் ஸ்டேஷனுக்குள் இருக்கும் சின்னக் கடை மட்டும் திறந்திருக்கும் என்று போய், ரொட்டியும் பாலும் வாழைப்பழமும் வாங்கி வந்தார். அதில் அம்மா வயிற்றுக்கு ஆகக்கூடியது வாழைப்பழம் மட்டும்தான். மூன்று நாளும் அம்மா என் கையால் சாப்பிட வேண்டும் என்று போட்ட கணக்கு இப்படி முடிந்தது.

அந்த வீடு பழைய கட்டடம். இரண்டாம் மாடி. ஜன்னலுக்கு வெளியே தண்ணீர் வழிவதற்காகச் சாய்வாகத் தகரம் அடித்திருந்தார்கள். கீழே இருவர் ஒட்டி நடக்கிற அளவுக்கே அகலமான, கல் பாவிய சந்து. கட்டடத்தின் வாசலும் அந்த ஜன்னலுக்கு நேர் கீழேதான். நன்றாக இருட்டுவதற்குள் தேவாலயத்தையும் விளக்குகளையும் பார்த்துவிட்டு வரலாம் என்று நாலரை மணிக்கு எல்லோரும் கிளம்பிக் கீழே இறங்கினோம். வாசலைத் தாண்டியதும், “கையுறையை மேலேயே விட்டுட்டேன், இதோ வந்துர்றேன்” என்று சொல்லிவிட்டு நான் மட்டும் திரும்ப மேலே ஓடினேன்.

கையுறையை மறந்தது உண்மைதான். ஆனால் வீட்டுக்குள் போனதும் கண்ணில் பட்டது ஹீட்டருக்குப் பக்கத்தில் சால்வை சுற்றி வைத்திருந்த அந்தத் தூக்குச்சட்டி.

அடுத்ததை எழுதக் கை கூசுகிறது. என்ன நினைத்தேன் தெரியுமா? வெளியே மைனஸ் நான்கு டிகிரி. ஒன்றரை மணி நேரம் வெளியில் இருந்தால் மாவு விறைத்துப் போய்விடும். நாங்கள் திரும்பி வந்ததும் யாருக்கும் தெரியாமல் உள்ளே எடுத்து வைத்துச் சால்வையைச் சுற்றிவிட்டால் போதும். காலையில் மாவு பொங்காது, இட்லி கல்லு மாதிரி வரும். ‘பூ மாதிரி’ என்று அம்மா ஒரு நாளாவது சொல்லாமல் இருப்பார். அவ்வளவுதான் என் ஆசை. அந்த மாவை விட்டால் அம்மாவுக்கு வேறு சாப்பாடு இல்லை என்பது அந்த நிமிடம் என் மூளைக்கு எட்டவே இல்லை.

சால்வையை அவிழ்த்தேன். ஜன்னலைத் திறந்து தூக்குச்சட்டியை வெளியே அந்தத் தகரத்தின்மேல் வைத்தேன். ஓரத்தில் விரல் உயரத்துக்கு ஒரு கம்பி இருந்தது, அது தாங்கும் என்று நினைத்தேன். ஜன்னலைச் சாத்திவிட்டு இறங்கிவிட்டேன். தகரத்தின்மேல் பனி உறைந்திருந்ததும், ஹீட்டர் சூட்டில் இருந்த பாத்திரத்தின் அடி அந்தப் பனியை இளக்கும் என்பதும் எனக்குத் தோன்றவில்லை. நான் படித்ததோ இன்ஜினியரிங்!

கீழே அவர்கள் இன்னும் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்கள். எனக்காகத்தான் காத்திருந்தார்கள். தங்கையின் இரண்டரை வயதுப் பாப்பா தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்தது. அம்மா குனிந்து அதன் குல்லாவைக் காதுக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார். நான் கதவைச் சாத்திவிட்டு இரண்டு அடி வைத்திருப்பேன். மேலே தகரத்தில் ஏதோ உரசுகிற சத்தம் கேட்டது.

அடுத்த நொடி தூக்குச்சட்டி கல் தரையில் வந்து விழுந்தது. சந்து முழுக்க அந்தச் சத்தம் எதிரொலித்தது. மூடி எங்கோ பறந்தது. மாவு அம்மாவின் சேலையிலும், வண்டியின் சக்கரத்திலும், பாப்பாவின் ஒரு ஷூவிலும் தெறித்தது. பாத்திரம் விழுந்த இடத்துக்கும் பாப்பாவின் தலைக்கும் இடையில் ஒரு கை தூரம்கூட இல்லை. நான்கு கிலோ எடை, இரண்டாம் மாடி உயரம்.

பாப்பா சத்தத்துக்குப் பயந்து அலறியது. தங்கை அதை வாரியெடுத்து, தலை, கை, கால் என்று தடவித் தடவிப் பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லை. பிறகு நிமிர்ந்து மூடியிருந்த ஜன்னலைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள். கையுறை எடுக்கப் போனவளின் கையில் கையுறை இல்லை.

“யாருடி அதைக் கொண்டுபோய் ஜன்னல்ல வச்சது?” என்று அம்மா கத்தினார்.

சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன். நான் மூச்சை இழுத்துக்கொண்டு நிற்கும்போதே தங்கை, “நான்தாம்மா. ரொம்பச் சூடாயிருச்சேன்னு கொஞ்ச நேரம் வெளிய வச்சேன்” என்றாள்.

அம்மா பிடித்துக்கொண்டார். “அறிவிருக்காடி ஒனக்கு? பிள்ளை தலையில விழுந்திருந்தா என்ன ஆயிருக்கும்? பெத்தவதானே நீ? ஒன்னைய நம்பி ஒரு பிள்ளைய விட முடியுமா?” என்று அந்தச் சந்தே அதிரும்படி திட்டினார். தங்கையின் வீட்டுக்காரரும் முகம் வெளுத்துப்போய், “என்ன நீ, இப்படியா வைப்பாங்க?” என்றார். தங்கை பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தலையைக் குனிந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

முப்பது வருடமாக நான் கேட்க ஏங்கிய திட்டு அது. அந்த நேரத்திலும் மனதின் ஒரு மூலையில் சின்னதாக ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. இதை நான் மறைக்கக் கூடாது. ஒரு நொடிதான். ஆனால் வந்தது. அப்படியொரு மனசு எனக்குள் இருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சத்தம் கேட்டுக் கீழ்வீட்டு அம்மாள் வெளியே வந்தார். ஐம்பது வயது இருக்கும். பண்டிகைக்காக நல்ல உடை உடுத்தி, அதன்மேல் சமையல் ஏப்ரன் கட்டியிருந்தார். தரையைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், விரலை நீட்டி நீட்டி ஜெர்மன் மொழியில் பொரிந்து தள்ளினார். தங்கை அவரிடமும் தான்தான் வைத்ததாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். அந்தம்மாள் உள்ளே போய் இரண்டு வாளி வெந்நீரும் துடைப்பமும் கரண்டிகளும் கொண்டு வந்தார். மாவு உறைந்துவிட்டால் நடக்கிறவர்கள் வழுக்கி விழுவார்கள், உடனே சுரண்டி எடுக்க வேண்டும் என்றார். அம்மாவையும் குழந்தைகளையும் மேலே அனுப்பிவிட்டு, நாங்கள் நால்வரும் முட்டி போட்டு அந்தக் கல் இடுக்குகளில் இருந்து மாவைச் சுரண்டினோம். அந்தம்மாளும் தன் நல்ல உடையோடு எங்களோடு சேர்ந்து சுரண்டினார்.

இது என்ன பொருள் என்று கேட்டார். தங்கை சொன்னாள். அரிசியும் உளுந்தும் அரைத்தது, ஆபரேஷன் ஆன எங்கள் அம்மாவுக்கான சாப்பாடு, இனி கடை திறக்க மூன்று நாள் ஆகும் என்று அவள் சொல்லச் சொல்ல அந்தம்மாளின் முகம் மாறியது. எழுந்து உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் இரண்டு பாக்கெட் அரிசி இருந்தது. பாலில் வேகவைத்து இனிப்புச் செய்வதற்காக இங்கே விற்கிற குண்டு அரிசி. கூடவே உருளைக்கிழங்கு, கேரட், ஒரு துண்டு இஞ்சி. காசு கொடுக்கப் போன என் கணவரின் கையைத் தள்ளிவிட்டு, பண்டிகை வாழ்த்துச் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். விரலை நீட்டித் திட்டியவரும் அவர்தான், அரிசி கொடுத்தவரும் அவர்தான்.

அன்று அந்த அரிசியை நான்தான் வடித்தேன். வடிக்கக்கூட வேண்டாம், அது தானாகவே குழைந்து வந்தது. கேரட்டைப் போட்டு, இஞ்சி தட்டிப் போட்டு, உப்பு மட்டும் சேர்த்துக் கொடுத்தேன். அம்மா சூடாக நான்கு வாய் சாப்பிட்டுவிட்டு, “வயித்துக்கு எம்புட்டு இதமா இருக்கு. பெரியவ இல்லைன்னா இன்னைக்குப் பட்டினிதான்” என்றார். தங்கை பக்கத்தில் உட்கார்ந்து பாப்பாவுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

ஆசைப்பட்ட இரண்டும் ஒரே நாளில் நடந்துவிட்டன. அவளுக்குத் திட்டு, எனக்குப் பாராட்டு. என் பங்குச் சோற்றை அப்படியே மூடி வைத்துவிட்டு எழுந்தேன்.

மறுநாள் பகலில் அந்த ஊரின் பழைய கல் பாலத்துக்குப் போனோம். டான்யூப் நதி கறுப்பாக ஓடிக்கொண்டிருந்தது, காற்று காதைப் பிய்த்தது. அம்மாவும் ஆண்களும் என் மகளும் முன்னால் போக, தள்ளுவண்டியோடு தங்கையும் நானும் பின்தங்கினோம். பாப்பா தூங்கிவிட்டிருந்தது.

“ஏன்டி நீ வச்சேன்னு சொன்னே?” என்று கேட்டேன்.

அவள் குனிந்து பாப்பாவின் போர்வையை இழுத்துவிட்டாள். “உன்னையத் திட்டியிருந்தா மூணு நாளும் நீ சாப்பிட மாட்ட, பேச மாட்ட. அம்மாவுக்கும் ஒண்ணும் இறங்காது. என்னையத் திட்டுனா அரை மணி நேரத்துல சரியாயிரும்” என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். பிறகு வண்டியை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். “ஆனா ஒண்ணுக்கா. பாப்பா மேல விழுந்திருந்தா ஜென்மத்துக்கும் உன்னைய மன்னிச்சிருக்க மாட்டேன்.”

ஏன் வைத்தாய் என்று அவள் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் என்ன பொய் சொல்லலாம் என்று ராத்திரியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அது தேவைப்படவில்லை. ‘மன்னிச்சுக்கடி’ என்று மட்டும் சொன்னேன். காற்றில் அவளுக்குக் கேட்டதோ என்னவோ.

இந்த இடத்தில் என் பொறாமை தீர்ந்துவிட்டது என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் உண்மை அது இல்லை. அவள் சொன்னதைக் கேட்டு முன்னைவிட அதிகமாகப் பொறாமைப்பட்டேன். திட்டு வாங்கினால் அரை மணி நேரத்தில் சரியாகிவிடும் என்று அவளுக்கு எவ்வளவு நிச்சயம்! அம்மாவின் பிரியம் எங்கேயும் போய்விடாது என்று தெரிந்தவளால்தானே அப்படித் திட்டை இழுத்துத் தன்மேல் போட்டுக்கொள்ள முடியும்? எனக்கு அந்த நிச்சயம் ஒரு நாளும் இருந்ததில்லை. இட்லி, ஜெர்மன் மொழி, சிவப்புக் குல்லா எதுவும் விஷயமே இல்லை, நான் பொறாமைப்பட்டது இதைப் பார்த்துத்தான் என்பது அந்தப் பாலத்தில்தான் எனக்குப் புரிந்தது.

ஜனவரியில் அம்மா என் வீட்டுக்கு வந்தார். ஒரு மாதம் இருந்தார். என் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டார், என் இட்லியைச் சாப்பிட்டார், நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார். சொல்லிவிட வேண்டும் என்று தினமும் வாயைத் திறப்பேன், தினமும் மூடிக்கொள்வேன். ஊருக்குத் திரும்பிப் போனதும் இந்தக் கதை சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போய்விட்டது. ‘ஜெர்மனியில ஜன்னல்ல மாவு வச்ச மகராசி’ என்று சித்தப்பா வீட்டுக் கல்யாணத்தில்கூடத் தங்கையைக் கிண்டல் செய்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். அவள் சிரிப்பதால் பரவாயில்லை என்று என் மனதுக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

போன வாரம் அம்மா, தங்கை, நான் மூன்று பேரும் வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தோம். தங்கை இப்போது இரண்டாவது முறையாக உண்டாகியிருக்கிறாள். பிரசவத்துக்கு அப்புறம் சீக்கிரமே வேலைக்குப் போகலாம் என்று இருக்கிறேன் என்றாள். அம்மா, “ஒரு பிள்ளையையே ஜன்னலுக்குக் கீழ நிறுத்தி மாவைப் போட்டவ நீ. ரெண்டை வச்சுக்கிட்டு வேலைக்கும் போயி எப்படிடி பாத்துக்குவ?” என்றார். எப்போதும்போல விளையாட்டாகத்தான் சொன்னார், ஆனால் முழுக்க விளையாட்டு இல்லை. தங்கை இந்தத் தடவை சிரிக்கவில்லை. திரையில் ஒரு நொடி என்னைப் பார்த்தாள். அப்புறம் பாப்பா கூப்பிடுகிறது என்று எழுந்து போய்விட்டாள்.

அரை மணி நேரத்தில் சரியாகிவிடும் என்று அவள் நினைத்தது இரண்டு வருடமாகியும் சரியாகவில்லை. ஊரார் பிள்ளைகளையெல்லாம் பொறுப்பாகப் பார்த்துக்கொள்கிறவள், தன் வீட்டில் மட்டும் கவனமில்லாத தாய் என்று பேர் எடுத்துவிட்டாள். அந்தப் பேர் என்னுடையது.

இந்தப் பத்திரிகை வந்ததும் அம்மா முதலில் திருப்புவது வாசகர் அனுபவம் வருகிற இந்தப் பக்கத்தைத்தான். இதில் யார் பெயரையும் நான் போடவில்லை. மாவு, ஜன்னல் என்று கண்ணில் பட்டதுமே அம்மாவுக்குத் தெரிந்துவிடும். நேரில் சொல்லத் தைரியமில்லாமல் எழுதி அனுப்புகிறாளே என்று கோபம் வரும். வரட்டும். படித்து முடித்துவிட்டு எனக்குப் போன் செய்யுங்கள் அம்மா, அன்றைக்கு அந்தச் சந்தில் தங்கையைத் திட்டியது முழுவதையும் ஒரு வார்த்தை விடாமல் என்னைத் திட்டுங்கள். அப்புறம் உடனே அவளுக்குப் போன் செய்யுங்கள். எனக்குச் சரியாவதற்கு அரை மணி நேரம் ஆகுமோ, மூன்று நாள் ஆகுமோ தெரியாது, ஆனால் நீங்கள் திட்டினாலும் உங்கள் பெரியவளாகத்தான் இருப்பேன் என்று நம்பிப் பார்க்க எனக்கு இந்த நாற்பத்திரண்டு வயதில்தான் தைரியம் வந்திருக்கிறது.